நார்மண்டியில் மூன்று ஊர்கள், பம்பாயில் ஒரு முடுக்கி

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் என்னிடம் சில விசித்திரமான வேலைகள் வந்து சேர்வதுண்டு. ஆம்பூரில் கலால் எழுத்தராக இருந்த காலத்தில், பிரான்சுக்குச் சரக்கு அனுப்பும் தோல் வியாபாரிகள் அங்கிருந்து வந்த கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துச் சொல்வேன். பெரும்பாலும் புகார்தான்: தோலில் கறை, எடை குறைவு, கப்பல் தாமதம். இப்போது அப்படி யாரும் வருவதில்லை. எல்லோரும் கைப்பேசியிலேயே மொழிபெயர்த்துக் கொள்கிறார்கள்.

ஆனால் போன மாதம் என் தங்கையின் பேத்தி ஒரு காகிதக் கட்டோடு வந்தாள். இயற்பியல் முதுகலை படிக்கிறாள். "தாத்தா, இந்த ஊர்ப் பெயரை எப்படிச் சொல்வது? வகுப்பில் நான் இதைப் பற்றிப் பேச வேண்டும்" என்றாள். பார்த்தேன். நார்மண்டியில் உள்ள கான். "கான்" என்றால் சினிமா விழா நடக்கும் ஊரா என்று கேட்டாள். அது தெற்கே கடலோரத்தில் உள்ள வேறொரு கான். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். பிரெஞ்சுக்காரன் வாயில் இது மூக்கால் முடியும், அது நாக்கு நுனியில் முடியும். அவளுக்குப் பத்துத் தடவை சொல்லிக் காட்டினேன்.

உச்சரிப்போடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் காகிதங்களில் இன்னும் இரண்டு பெயர்கள் இருந்தன: ஃப்ரெனெல், தெ ப்ரோய். நம் ஊர்க் கல்லூரிகளில் முதலாமவரை 'பிரெஸ்னல்' என்றும் இரண்டாமவரை 'டி பிராக்லி' என்றும் சொல்வார்கள். போகட்டும். இந்த இருவரையும் கான் நகரையும் சேர்த்துப் பார்த்தபோது, இருநூறு ஆண்டு வரலாறு ஒரே மாவட்டத்து ரெவின்யூ பதிவேடு போல அடுத்தடுத்த ஊர்களில் வரிசையாக நிற்பது தெரிந்தது. அந்த வரலாற்றின் கடைசிப் பக்கங்களில் ஒன்று பம்பாயில் எழுதப்பட்டது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் ஊரின் பெயரே ப்ரோய். நார்மண்டியின் உள்நாட்டில் உள்ள சிறிய ஊர். அதற்கு முன்பு ஷாம்ப்ரே என்று பெயர். இத்தாலியின் பியேமோந்தேயிலிருந்து வந்து பிரெஞ்சு அரசரின் படையில் தலைமுறை தலைமுறையாகத் தளபதிகளாக இருந்த ஒரு குடும்பத்துக்கு 18ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் ஜமீனாகக் கிடைத்தது. குடும்பப் பெயரே ஊர்ப் பெயராயிற்று. அந்தக் குடும்பத்தின் மாளிகையில் வேலை பார்த்த ஒரு கட்டடக் கலைஞரின் மகனாக 1788இல் அவ்வூரில் பிறந்தவர் ஒகுஸ்தேன் ஃப்ரெனெல். எட்டு வயதிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்பட்ட பிள்ளை என்பார்கள். பிறகு பொறியியல் படித்து, அரசாங்கச் சாலை-பால இலாகாவில் சேர்ந்தார். நம் பாஷையில் சொன்னால் பொதுப்பணித் துறை இன்ஜினியர்.

1815இல் நெப்போலியன் எல்பாத் தீவிலிருந்து தப்பித் திரும்பி வந்தார். ஃப்ரெனெல் அரசர் பக்கம் போய் நின்றார். நெப்போலியன் ஆட்கள் அவரைப் பணியிடை நீக்கம் செய்து போலீஸ் கண்காணிப்பில் வைத்தார்கள். அவர் தாயார் வசித்த ஊருக்குப் போய் இருக்க அனுமதி கிடைத்தது. அந்த ஊர்தான் மத்தியே, கான் நகருக்கு வடக்கே பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ள கிராமம். சம்பளம் இல்லை, வேலை இல்லை. அரசாங்க உத்தியோகஸ்தன் சஸ்பென்ஷனில் இருந்தால் என்ன செய்வான் என்று நமக்குத் தெரியும்: மனு எழுதுவான், சீட்டாடுவான். ஃப்ரெனெல் வெளிச்சத்தை ஆராய்ந்தார். வில்லை கிடைக்காததால் ஒரு சொட்டுத் தேனை வில்லையாக வைத்துக்கொண்டார். அளவுக் கருவியை ஊர்ப் பூட்டுக் கொல்லன் செய்து கொடுத்தான். அந்தக் கருவியால் மெல்லிய கம்பியின் நிழலுக்குள் தெரிந்த வெளிச்சக் கோடுகளை அளந்தார்.

நிழலுக்குள் வெளிச்சம் எப்படி வரும்? ஒளி என்பது குண்டுமணி போலப் பறக்கும் துகள் என்றால் வராது. ஒளி அலையாக இருந்தால் வரும். வேலூர்க் கோட்டை அகழியில் இரண்டு கல்லை ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டு வளையங்களும் விரிந்து ஒன்றையொன்று கடக்கும். மேடும் மேடும் சேரும் இடத்தில் தண்ணீர் அதிகமாக எழும்பும். மேடும் பள்ளமும் சேரும் இடத்தில் தண்ணீர் சும்மா கிடக்கும். இதற்குத்தான் குறுக்கீட்டு விளைவு என்று பெயர். கம்பியின் இரு பக்கமும் சுற்றி வந்த ஒளி நிழலுக்குள் சந்தித்து, சேரும் இடத்தில் வெளிச்சக் கோடும் அழியும் இடத்தில் இருட்டுக் கோடுமாக விழுந்தது.

லண்டனில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த தாமஸ் யங் இதைச் சில ஆண்டுகள் முன்பே சொல்லியிருந்தார். இரண்டு சிறு துளைகள் வழியே ஒளியை விட்டு, எதிர்த் திரையில் கோடுகள் விழும் என்று 1807இல் அச்சான அவருடைய சொற்பொழிவுகளில் இருக்கிறது. ஃப்ரெனெலுக்கு அது தெரியாது. அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. பாரிசிலிருந்து அரகோ என்ற விஞ்ஞானி எழுதித்தான் தெரிந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஒரு சின்ன ஆறுதல். புதுச்சேரியிலிருந்து வந்த புதிதில், அலுவலகத்தில் இங்கிலீஷ் நோட் எழுத நான் பட்ட பாட்டைக் கூட இருந்தவர்கள் அறிவார்கள்.

ஃப்ரெனெல் மீண்டும் வேலையில் சேர்ந்தார், சாலை போட்டார், விஞ்ஞானப் பேரவையின் பரிசை வாங்கினார், கலங்கரை விளக்கங்களுக்குப் புது வில்லை செய்தார், 39ஆம் வயதில் காசநோயால் இறந்தார். அதன் பிறகு ஒளி அலைதான் என்று உலகம் ஒப்புக்கொண்டது.

இப்போது நூறாண்டு தாண்டுவோம். அதே ப்ரோய் குடும்பத்தில், ஃப்ரெனெலின் தகப்பனாருக்குப் படியளந்த அந்த மாளிகைக்காரர்களின் வம்சத்தில், 1892இல் பிறந்தவர் லூயி தெ ப்ரோய். முதலில் வரலாற்றில் பட்டம் வாங்கினார். முதல் உலகப் போரில் ஈஃபில் கோபுரத்துக் கம்பியில்லாத் தந்தி நிலையத்தில் வேலை பார்த்தார். 1924 நவம்பரில் பாரிசில் டாக்டர் பட்டத்துக்கு ஓர் ஆய்வேடு கொடுத்தார். ஒளி அலையாகவும் துகளாகவும் நடந்துகொள்கிறது என்றால், எலக்ட்ரான் போன்ற துகளும் அலையாக நடந்துகொள்ளாதா என்பதுதான் அதன் சாரம். தேர்வாளர்களில் ஒருவரான லாங்ஜவேன் அதை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பிவைத்தார். ஐன்ஸ்டீன் மெச்சினார். 1927இல் அமெரிக்காவில் டேவிசனும் ஜெர்மரும், பிரிட்டனில் ஜி. பி. தாம்சனும் எலக்ட்ரான்கள் அலை போலச் சிதறுவதைக் கண்டார்கள். 1929இல் தெ ப்ரோய்க்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒளியை அலை என்று நிரூபித்தவரும், பொருளும் அலை என்று சொன்னவரும், ஒருவர் மாளிகையின் வேலைக்காரர் வீட்டிலும் மற்றவர் மாளிகைக்காரர் வீட்டிலும் வந்தவர்கள். இதற்கு அர்த்தம் ஏதும் இருப்பதாக நான் சொல்லவில்லை. தற்செயல்தான். ஆனால் தற்செயலையும் பதிவு செய்வது எழுத்தரின் வழக்கம்.

மூன்றாவது ஊர் கான். அங்கே 1983 முதல் கன அயனிகளை முடுக்கும் பெரிய தேசிய நிலையம் ஒன்று இயங்குகிறது. பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'கனீல்' என்பார்கள்.

அயனி என்றால் என்ன என்று நம் பகுதிக்காரர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நம் கிணற்றுத் தண்ணீரில் கரிப்பதே அயனிதான். பச்சைத் தோலை அழுகாமல் காக்க உப்புத் தடவுகிறோம். அந்த உப்பு தண்ணீரில் கரைந்ததும் சோடியம் தனியாக, குளோரின் தனியாகப் பிரிகிறது. சோடியம் ஓர் எலக்ட்ரானை இழந்து நிற்கிறது, குளோரின் அதை எடுத்துக்கொண்டு நிற்கிறது. இப்படி எலக்ட்ரான் கூடியோ குறைந்தோ நிற்கும் அணுதான் அயனி. குரோம் பதனிடுதலில் தோலின் நார்களைக் கோத்துப் பிடிப்பதும் குரோமிய அயனியே. பாலாற்றில் அவை போய்ச் சேர்ந்து, 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போன கதை தனிக்கதை.

நம் தண்ணீரில் உள்ள அயனி ஓர் எலக்ட்ரானை இழந்து சாதுவாக மிதக்கிறது. கனீலில் கிரிப்டான் வாயுவின் அணுவை எடுத்து, அதன் 36 எலக்ட்ரான்களில் 34ஐ உரித்துவிட்டு, ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு ஓட விடுகிறார்கள். அது ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறின் பக்கத்தில் பறந்து போனால் போதும், மோதக்கூட வேண்டாம். அதன் மின்விசையிலேயே மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரான் பிய்த்துக்கொண்டு தெறிக்கும்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஹைட்ரஜன் மூலக்கூறு என்பது இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஜோடியாக இருப்பது. இரண்டு கருக்களுக்கும் நடுவே 0.074 நானோமீட்டர் தூரம். ஒரு மில்லிமீட்டரில் இப்படிப்பட்ட தூரங்கள் ஏறக்குறைய 1 கோடியே 35 லட்சம் அடங்கும். தெறித்து வந்த எலக்ட்ரான் இந்த இரண்டில் எந்த அணுவிலிருந்து வந்தது? நமக்குத் தெரியவில்லை என்பதல்ல பதில். அந்தக் கேள்விக்கே பதில் கிடையாது. அது இரண்டு இடத்திலிருந்தும் அலையாகக் கிளம்புகிறது. யங்கின் இரண்டு துளைகளும், கோட்டை அகழியின் இரண்டு கற்களும் இங்கே இரண்டு அணுக்கருக்கள். தெ ப்ரோயின் சூத்திரப்படி சுமார் 275 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரானின் அலைநீளம், அந்த இரு கருக்களின் இடைவெளிக்குச் சமமாக வருகிறது. ஆக, குறுக்கீட்டு விளைவு தெரிந்தாக வேண்டும்.

காகிதத்தில் இதை முன்பே எழுதிவிட்டார்கள். 1960இல் துவானும் கெர்ஜுவாயும் புரோட்டான் ஹைட்ரஜன் மூலக்கூறிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும்போது இரண்டு அணுக்களின் பங்கும் கலப்பதைக் கணக்கிட்டார்கள். 1966இல் கோஹனும் ஃபானோவும் ஒளியால் எலக்ட்ரானை வெளியேற்றும்போது அலை போல ஏற்ற இறக்கம் வரும் என்று காட்டினார்கள். ஆனால் அயனி மோதலில் தெறிக்கும் எலக்ட்ரான்களில் அதைக் கண்ணால் காண 2001 வரை ஆயிற்று. அந்த ஆண்டு கனீலில் ஸ்டோல்டர்ஃபோட் தலைமையில் ஜெர்மன், பிரெஞ்சு, ஹங்கேரி, அமெரிக்க, அர்ஜென்டினா விஞ்ஞானிகள் சேர்ந்து, கிரிப்டான் அயனிகளைக் கொண்டு முதல் ஆதாரத்தை வெளியிட்டார்கள். தேன் சொட்டு வில்லை வைத்துக்கொண்டு ஃப்ரெனெல் உட்கார்ந்திருந்த மத்தியேயிலிருந்து சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில் இது நடந்தது. பேத்தியிடம் இதைச் சொன்னபோது, "வகுப்பில் முதலில் இதைத்தான் சொல்வேன்" என்றாள்.

ஆனால் அந்த ஆதாரத்தில் ஒரு சங்கடம் இருந்தது. எலக்ட்ரானின் ஆற்றல் கூடக் கூட, தெறிக்கும் எண்ணிக்கை பல்லாயிரம் மடங்கு சரிகிறது. குறுக்கீட்டால் வரும் ஏற்ற இறக்கமோ சிறியது. ஏலகிரி மலைச் சாலையில் இறங்கும்போது, சாலையில் உள்ள சிறு மேடு பள்ளங்களை மட்டும் அளப்பது போன்ற வேலை. முதலில் மலைச் சரிவைக் கழிக்க வேண்டும். அவர்கள் எப்படிக் கழித்தார்கள் என்றால், தனித்தனி ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிலிருந்து எவ்வளவு எலக்ட்ரான் வரும் என்பதைக் கோட்பாட்டின் மூலம் கணக்கிட்டு, அளந்ததை அதனால் வகுத்தார்கள். வகுத்த பிறகு அலை தெரிந்தது.

தணிக்கையில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு இந்த இடத்தில் பேனா தானாக நிற்கும். செலவை வவுச்சரோடு ஒப்பிட வேண்டும், எஸ்டிமேட்டோடு ஒப்பிடக் கூடாது. எஸ்டிமேட்டில் வளைவு இருந்தால், வித்தியாசத்திலும் வளைவு தெரியும். அது செலவின் வளைவா எஸ்டிமேட்டின் வளைவா என்று யார் சொல்வது? கான் குழுவினர் நேர்மையானவர்கள், அவர்கள் முடிவும் சரியாகவே இருந்தது. ஆனாலும் கேள்வி கேள்விதான். விஞ்ஞானிகளே கேட்டார்கள்.

இங்கேதான் பம்பாய் வருகிறது. கொலாபாவின் தென்கோடியில், கடலை ஒட்டி, 1945இல் ஹோமி பாபா தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே லோகேஷ் திரிபேதி என்பவரின் குழு அயனி மோதல்களை ஆராய்ந்து வருகிறது. தீபங்கர் மிஸ்ரா அக்குழுவில் இருந்தவர். இவர்கள் அமெரிக்காவின் கான்சாஸ் மாகாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்ரிக் ரிச்சர்டுடனும், அர்ஜென்டினாவின் ஃபைன்ஸ்டைனுடனும் சேர்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் அவர்கள் செய்தது வவுச்சர் வேலை. ஒன்பது எலக்ட்ரான்களும் உரிக்கப்பட்ட ஃபுளோரின் அயனியை மூலக்கூறு ஹைட்ரஜன் மீதும், தனி அணு ஹைட்ரஜன் மீதும் விட்டு, இரண்டையும் அளந்து, ஒன்றை மற்றதால் வகுத்தார்கள். கோட்பாட்டின் கணக்கு நடுவில் வரவில்லை. அலை அப்போதும் இருந்தது.

தனி அணு ஹைட்ரஜன் என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். அது கடையில் கிடைக்கிற பொருள் இல்லை. ஹைட்ரஜன் அணுக்கள் தனியே இருக்கப் பிடிக்காதவை. விட்டால் ஜோடி சேர்ந்துகொள்ளும். மின்னிறக்கத்தில் மூலக்கூறுகளைப் பிளந்து, மீண்டும் சேர்வதற்குள் அயனிக் கற்றையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். எல்லா மூலக்கூறும் பிளக்காது. மிச்சமிருப்பதன் பங்கை அளந்து கழிக்க வேண்டும். ஐரோப்பியர்கள் ஏன் கோட்பாட்டால் வகுத்தார்கள் என்பது இதிலிருந்து புரியும். பளபளப்பில்லாத, முதுகு வலிக்கும் வேலை. அதைச் செய்தவர்கள் பெயர் நம் பத்திரிகைகளில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அதே குழு இன்னும் ஒரு படி மேலே போனது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தனி அணுவும் வேண்டாம், கோட்பாடும் வேண்டாம் என்ற முறை அது. இதற்குப் பயன்பட்டது கொலாபாவிலேயே, டாடா நிறுவனமும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நடத்தும் பெலட்ரான் முடுக்கி. 1988இன் இறுதியில் இயங்கத் தொடங்கியது. உயரமான கோபுரம் போன்ற தொட்டிக்குள், ஏற்றச் சங்கிலியில் வாளி போவது போல உலோக மணிகள் கோத்த சங்கிலி ஒன்று ஓயாமல் சுற்றி மின்னூட்டத்தை நடுவில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அங்கே 1 கோடியே 40 லட்சம் வோல்ட் வரை ஏற்றலாம். எதிர்மின் அயனியை மேலிருந்து விடுவார்கள். நடுவில் உள்ள நேர்மின்னழுத்தம் அதை இழுக்கும். நடுவில் ஒரு மெல்லிய கரித்தகட்டைக் கடக்கும்போது எலக்ட்ரான்கள் உரிந்து, அது நேர்மின் அயனியாகிவிடும். இழுத்த அதே மின்னழுத்தம் இப்போது அதைக் கீழே தள்ளும். ஒரே மின்னழுத்தத்தை இரண்டு தடவை உபயோகிக்கிறார்கள். யார் யோசித்தாரோ, சிக்கனக்காரர்.

இப்படி 80 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள, ஆறு எலக்ட்ரான்களும் உரிந்த கார்பன் கருக்களை ஹைட்ரஜன் மூலக்கூறின் மீது விட்டார்கள். அயனி போகும் திசையில் முன்னே தெறிக்கும் எலக்ட்ரான்கள் எத்தனை, பின்னே தெறிப்பவை எத்தனை என்று எண்ணி, இரண்டின் வித்தியாசத்தை எடுத்தார்கள். முன்னே போகிறவற்றில் குறுக்கீட்டு அலை ஒரு கதியில் ஆடும், பின்னே போகிறவற்றில் வேறு கதியில் ஆடும். ஆகவே எலக்ட்ரானின் ஆற்றலை மாற்றிக்கொண்டே போனால் இந்த வித்தியாசமும் ஏறி இறங்க வேண்டும். ஏறி இறங்கியது. அதையே ஒற்றை அணுவான ஹீலியத்தில் செய்து பார்த்தார்கள். ஆட்டமே இல்லாமல் சீராகப் போனது. இரண்டு துளை இருந்த இடத்தில் கோடு, ஒரு துளை இருந்த இடத்தில் கோடு இல்லை. ஒரே பேரேட்டின் பற்றுப் பக்கத்தையும் வரவுப் பக்கத்தையும் ஒன்றுக்கொன்று சரிபார்த்தது போல. வெளியிலிருந்து எந்தக் கணக்கும் கொண்டுவர வேண்டியதில்லை.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நம் வயதில் இந்தக் கேள்வி அடிக்கடி மருத்துவமனையில்தான் வருகிறது. என் மனைவிக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்தது. அப்போது அவளுக்குக் கொடுத்தது எக்ஸ் கதிர். இப்போது சில நாடுகளில் கார்பன் அயனியாலும், சென்னையில் 2019 முதல் புரோட்டானாலும் சிகிச்சை தருகிறார்கள். அயனிக்கு ஒரு குணம். உடம்புக்குள் போகும் வழியெல்லாம் கொஞ்சமாகச் செலவு செய்துவிட்டு, நிற்கப் போகும் இடத்தில் கையில் உள்ளதை எல்லாம் கொட்டிவிடும். அந்த இடம் கட்டியாக இருந்தால் நல்லது. கொட்டும்போது நடப்பது, மேலே சொன்ன அதே சங்கதி: தண்ணீர் மூலக்கூறிலிருந்தும் உயிரணுவின் மூலக்கூறுகளிலிருந்தும் எலக்ட்ரான்கள் தெறிப்பது. சேதத்தில் பெரும்பங்கை அந்த எலக்ட்ரான்கள்தான் செய்கின்றன. எத்தனை தெறிக்கும், எந்தப் பக்கம் தெறிக்கும் என்று அளந்தால்தான் கணக்குப் போட முடியும். பம்பாய்க் குழுவும் உயிர்மூலக்கூறுகள் மீது இப்படி அளந்திருக்கிறது. ஆனால் இரட்டை அணுக் குறுக்கீட்டைக் கண்டதால் சிகிச்சை மாறிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். அந்தக் கணக்கில் அது சிறு திருத்தம்கூட இல்லை. எலக்ட்ரான் தெறிப்பதை நாம் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறோமா என்பதற்கு அது ஒரு பரீட்சை. அவ்வளவுதான்.

அந்தப் பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டதா என்றால், இல்லை. இதுவரை தெறிக்கும் எலக்ட்ரானைத்தான் அலை என்று பேசினோம். மோத வரும் அயனியும் அலைதானே? 2003இல் ஷுல்ஸும் அவருடைய சகாக்களும் கார்பன் அயனியால் ஹீலியத்தை உடைத்து, எலக்ட்ரான் தெறிக்கும் திசைகளை முப்பரிமாணப் படமாகவே வெளியிட்டார்கள். ஒரு குறிப்பிட்ட தளத்தில் அந்தப் படம் கோட்பாட்டோடு ஒத்துப்போகவில்லை. சின்ன வித்தியாசமல்ல, உருவமே வேறு. மிக எளிய மோதல் என்று நினைத்திருந்த இடத்தில் இப்படி ஆனதால் கோட்பாட்டாளர்கள் பல ஆண்டுகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

2011இல் மிசூரி மாகாணத்தின் ரோலா நகரில் அதே ஷுல்ஸின் குழு ஒரு வித்தியாசமான பரிசோதனை செய்தது. 75 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்களை ஒரு மெல்லிய பிளவு வழியே விட்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளில் மோதவிட்டார்கள். ஒரு தடவை பிளவைத் தூரத்தில் வைத்தார்கள், மறு தடவை பக்கத்தில். வாயு அதே, புரோட்டான் அதே, வேகம் அதே. தூரத்தில் வைத்தபோது குறுக்கீட்டுக் கோலம் தெரிந்தது. பக்கத்தில் வைத்தபோது மறைந்தது.

காரணம் ஓரியல்பு என்று பாடநூல்களில் சொல்லும் குணம். அதே ஏலகிரி உச்சியில் இரவில் நின்று ஜோலார்பேட்டை ஜங்ஷனைப் பார்த்தால் ஒரு விளக்கு ஒரு புள்ளிதான். கீழே இறங்கி அதன் அடியில் நின்றால், அதே விளக்கு ஒரு கை அகலம் இருக்கும், அதன் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் தனித்தனியாக வெளிச்சம் வரும். பிளவும் அப்படித்தான். தூரத்திலிருந்து வந்தால் அது புள்ளி, அதிலிருந்து விரிந்த அலை மூலக்கூறின் இரண்டு அணுக்களையும் ஒரே தாளத்தில் வந்து தொடும். பக்கத்திலிருந்து வந்தால் ஓர் அணுவுக்கு ஒரு தாளம், அடுத்ததற்கு வேறு தாளம். நாதஸ்வரம் இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால்தான் சேர்ந்து கேட்கும். ஆக, அயனி மோதலின் முடிவு அயனியை மட்டும் பொறுத்ததல்ல, அது எப்படிப்பட்ட வாசல் வழியே வந்தது என்பதையும் பொறுத்தது என்றார்கள். கோட்பாட்டாளர்கள் எப்போதும் முழு ஓரியல்பு உள்ள அலையையே கணக்கில் எடுத்தார்கள். 2003இல் வந்த முரண்பாட்டுக்கு அதுதான் காரணமாக இருக்கலாம் என்பது ஷுல்ஸ் தரப்பின் வாதம்.

எதிர்த் தரப்பு வேறு சொல்கிறது. ஹீலிய வாயு முற்றிலும் அசையாமல் நிற்பதில்லை, கருவியின் கூர்மைக்கும் ஓர் எல்லை உண்டு, படம் மங்கியதற்கு அதுவே போதும் என்கிறார்கள். 2016இல் பிராங்பர்ட் குழு 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்களை ஹீலியத்தில் மோதவிட்டு, மிகுந்த கூர்மையோடு அளந்து, கோட்பாடும் பரிசோதனையும் நன்றாக ஒத்துப்போவதாக வெளியிட்டது. அயனி வேறு, வேகம் வேறு என்பதால் அதை வைத்து 2003இன் கணக்கை முடித்துவிட முடியாது என்று சொல்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், ஹைட்ரஜன் மூலக்கூறில் பிளவை நகர்த்திக் கண்டது வலுவான சாட்சி, ஏனென்றால் அங்கே ஒன்றைத் தவிர எதையும் மாற்றவில்லை. ஹீலியத்தைப் பொறுத்தவரை இரு தரப்பு ஆவணங்களும் மேசை மேல் இருக்கின்றன, கோப்பு இன்னும் நிலுவையில் இருக்கிறது.